ரக்பிக்கு ஆள் எடுத்த பாவம்

ஊர்ச் சாபத்தை ஒரே இடத்தில் உட்கார்ந்து வாங்கிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள், விளையாட்டுக் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் வேலைக்குப் போகலாம். உள்ளே வந்தவன் தன் திறமையால் வந்தேன் என்பான். விடுபட்டவன் உங்களால் போனேன் என்பான். கோயில் கமிட்டிக்குப் பெயர்ப் பட்டியல் எழுதியவர்களும், கல்யாணப் பத்திரிகையில் சொந்தக்காரர் பெயரைப் போட்டு அடி வாங்கியவர்களும் என் கட்சி. உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எனக்குப் பிழைப்பு புக்கிட் பெலண்டோக் பக்கம் பாமாயில் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில். வெளிவேலைகளைப் பார்க்கும் கண்டக்டர். ஒரு காலத்தில் மாநிலத்துக்கு ரக்பி ஆடியவன் என்பதால், தேசியக் குழுவுக்கு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேரில் ஒருவனாகப் பதினோரு வருஷம் இருந்தேன். ஐவரில் தமிழன் நான் மட்டும்தான். கூட்டங்களில் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார்கள். இங்கே தமிழில் தருகிறேன்.

இந்த வருஷப் பட்டியலில் எங்கள் தோட்டத்து ஆளே ஒருவன் இருந்தான். பெயர் கதிரவன், செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவன். ரக்பியில் இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் குனிந்து தோளை முட்டித் தள்ளுவார்களே, அதில் முன்வரிசை ஆள். மூன்று தடவை கடைசிப் பட்டியல் வரைக்கும் வந்து விடுபட்டவன். வயது முப்பது ஆகிவிட்டது. இந்தத் தடவையும் போனால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பெரட்டு

தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். இப்போது வரிசையில் பாதிப் பேர் வங்காளதேசத்துக்காரர்கள். இருந்தாலும் பழைய வழக்கம் அப்படியே இருக்கிறது. மறுநாள் வர முடியாதவன் முதல் நாளே, ஆட்களை வேலை வாங்கும் மண்டோரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பான். பெயர் கூப்பிடும்போது மண்டோர் அவனுக்காகக் காரணம் சொல்வார், நான் குறித்துக்கொள்வேன். மண்டோர் வாயைத் திறக்காவிட்டால் ஆப்செண்ட்.

எங்கள் மண்டோர் பெருமாளுக்கு ரக்பி பிடிபடாது. ஆள் எடுக்கிற விஷயம் மட்டும் நன்றாகப் பிடிபடும். ஒரு நாள் எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்று விசாரித்தார். வீடியோ பார்ப்போம், பயிற்சி முகாமில் யார் யார் வந்தார்கள் என்ற தாளைப் பார்ப்போம், ஐந்து பேர் உட்கார்ந்து பேசுவோம் என்றேன். வராதவனுக்கு அங்கே யார் பேசுவார்கள் என்று கேட்டார். எல்லாம் அந்தத் தாளிலேயே இருக்கும் என்றேன். பெருமாள் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

"பேப்பரு எப்படி லா பேசும், கண்டக்டர் ஐயா? ஒரு வாய் வேணும்ல?"

அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள்

விடுபட்டவர்களுக்குச் செய்தி சொல்வது அந்தந்த மாநிலத் தேர்வாளரின் தலையெழுத்து. சில வருஷங்களுக்கு முன் கோலா கிளாவாங்கில் இருக்கும் ஹஃபிஸ் என்ற ஆட்டக்காரனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். உன் ஆட்டம் நன்றாக இருந்தது, ஆனால் என்று இழுத்தேன். அந்த 'ஆனால்' போதுமாக இருந்தது அவனுக்கு. திட்டுவான் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன். அவனோ தாழ்ந்த குரலில் ஓர் உதவி கேட்டான்.

"அப்பா பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. அவருகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார். நான் சொன்னா, நான்தான் என்னமோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சுக்குவாரு."

உங்க ஆள்

போன வருஷம் கோலா பிலாவைச் சேர்ந்த ரூபன் என்ற ஆட்டக்காரனுக்காக அரை மணி நேரம் வாதாடினேன். நல்ல ஓட்டம், நல்ல கால். அவனை எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே கைக்கு வந்த பந்தை மூன்று தடவை கீழே விட்டான். எனக்குப் பக்கத்து நாற்காலியில் வடக்கு மாநிலத் தேர்வாளர். முதல் தடவை திடலைப் பார்த்தார். இரண்டாம் தடவை என்னைப் பார்த்தார். மூன்றாம் தடவை இரண்டையும் பார்க்காமல் கைத்தொலைபேசியைப் பார்த்தார்.

பதினோரு வருஷத்தில் மலாய்க்காரர், சீனர், சபா சரவாக்காரர் என்று எத்தனையோ பேருக்காக வாதாடியிருக்கிறேன். அவர்கள் பந்தை விட்டபோது அது அவர்கள் பந்தாகவே இருந்தது. ரூபன் விட்டது மட்டும் என் கையிலிருந்து விழுந்த மாதிரி ஆயிற்று. இனிமேல் தமிழ் ஆட்டக்காரன் விஷயத்தில், என் பெயரைச் சொல்லிக் கேட்டாலொழிய வாய் திறப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதை நேர்மை என்றும் நினைத்துக்கொண்டேன். ஆட்டம் முடிந்து சாப்பிடும் இடத்தில் வடக்குக்காரர் ஒரு தட்டு மீ கோரெங் நூடுல்ஸைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"சாப்பிடுங்க பாலா. உங்க ஆள்தானே, போகப் போகச் சரியாயிடுவான்."

பதினாறாம் நாள்

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கதிரவனின் அம்மா தவறிப்போனார். பதினாறாம் நாள் கருமாதி, கடைசிப் பயிற்சி முகாமின் இரண்டு நாளுக்குள் வந்து விழுந்தது. அவன் ஒரே மகன். மொட்டை அடித்துக்கொண்டு காரியம் செய்தான். நானும் போயிருந்தேன். சாப்பாடு அவனே பரிமாறினான். முகாமுக்கு வராததற்குக் காரணம் எழுதிக் கொடுத்தாயா என்று கேட்டேன்.

அவனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. பிறந்ததிலிருந்து தோட்டத்தில் வளர்ந்தவன். வர முடியாவிட்டால் மண்டோரிடம் சொல்வது, மண்டோர் மேலே சொல்வது, அவன் அறிந்த விடுமுறை விண்ணப்பம் அவ்வளவுதான். சாதக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே பதில் சொன்னான். நான் தலையை ஆட்டிவிட்டு ரசத்துக்கு இலையில் இடம் ஒதுக்கினேன்.

"அங்க யாருகிட்டண்ணே சொல்றது? அதான் நீங்க இருக்கீங்கள்ல, சொல்லிக்குவீங்க."

காந்தத்தில் ஒட்டிய பெயர்கள்

கோலாலம்பூரில் நாங்கள் கூடும் அறையில் இரும்புப் பலகை ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆட்டக்காரன் பெயரும் ஒரு காந்தத் துண்டில் இருக்கும். மேலே முதல் பதினைந்து பேர், நடுவில் மாற்று ஆட்டக்காரர்கள், கீழே இழுபறியில் இருப்பவர்கள். கதிரவன் காலையிலிருந்து கீழேதான் இருந்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மேலே, முதல் பதினைந்தில் இருக்கிறான்!

யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தோம், ஒருவரும் கேட்கவில்லை. அந்த முன்வரிசையை வைத்துக்கொண்டே, எதிரணியை எப்படித் தள்ளலாம் என்று இருபது நிமிஷம் தீவிரமாகப் பேசினோம். நன்றாகத்தான் இருக்கிறது என்றுகூட ஒருவர் சொன்னார். பிறகு வடக்குக்காரர் என் பக்கம் திரும்பி, இதை யார் மாற்றியது என்றார். நான் இல்லை என்று சத்தியம் செய்யாத குறை. கடைசியில் அறை துடைக்கும் அஞ்சலை அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கதிரவன் தேசியக் குழுவில் இருந்தது அந்த இருபது நிமிஷம் மட்டும்தான்.

"தொடைக்கிறப்ப நாலஞ்சு வுழுந்துருச்சு சார், காலியா இருந்த எடத்துல ஒட்டிட்டேன். தப்புன்னா மறுபடியும் நீங்களே கீழ போட்டுக்குங்க."

தேநீர் வந்த நேரம்

மாலையில் ஒரே ஓர் இடம் மீதி இருந்தது. அதற்கு இரண்டு பெயர். கதிரவன் ஒன்று, தலைநகரில் ஆடும் இருபத்திரண்டு வயதுக்காரன் ஒன்று. எங்கள் தேர்வுக் குழுத் தலைவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நிதானமான மனிதர். முகாம் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, கதிரவன் இரண்டு நாள் வரவில்லை, காரணம் எழுதவில்லை, யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். சரியாக அந்த நேரத்தில் தேநீர் வந்தது.

எனக்குத் தெரியும். அந்த வீட்டு இலையில் சாப்பிட்டுவிட்டு வந்தவன் நான். 'அவன் அம்மா இறந்துவிட்டார், பதினாறாம் நாள் காரியம்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? வார்த்தை நாக்கு நுனிக்கே வந்தது. வடக்குக்காரர் சர்க்கரைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். எனக்கு மீ கோரெங் ஞாபகம் வந்துவிட்டது. பாலா, உங்களுக்குத் தெரியுமா என்று பெயர் சொல்லிக் கேட்கட்டும், உடனே சொல்லிவிடலாம் என்று இருந்தேன். தலைவர் வரிசையாக எல்லோர் முகத்தையும் பார்த்தார். என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். நான் சர்க்கரையே போடாத தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தேன். வடக்குக்காரர் முடித்து வைத்தார்.

"வயசு முப்பது. முகாமுக்கு வரல. அடுத்த வாரம் ஆட்டத்துக்கு மொட்டை அடிச்சுக்கிட்டு ஸ்டைலா வந்து நிக்கிறான். இதுல பேச என்ன இருக்கு?"

வலையைக் கட்டிக்கொண்டே

கதிரவனுக்குத் தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை. மறுநாள் பழம் ஏற்றும் இடத்துக்கே மோட்டாரில் போனேன். லோரியில் குலைகளின் மேல் வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். தலையில் முடி அரை விரல் அளவு முளைத்திருந்தது. இல்லப்பா என்றேன். ஒரு பக்கம் கட்டி முடித்தான். சுற்றிப் போய் மறு பக்கமும் கட்டி முடித்தான். காரணம் சொன்னீர்களா என்று கேட்பான், உண்மையைச் சொல்லிவிட்டு எது வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. நானாகச் சொல்லியிருக்கலாம். அங்கேயும் நான் வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் அன்றைக்குப் பட்ட வெட்கம் எனக்கு வேறு என்றைக்கும் இல்லை. அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான்.

"நீங்க எவ்ளோ பேசியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்ணே. நீங்க சொல்லியே கேக்கலன்னா அப்புறம் என்னா லா, விடுங்க."

வழியனுப்பு

குழு புறப்படும் நாளில் வழியனுப்பு விருந்து. பெயர்கள் எல்லாம் எப்போதோ போட்டி நடத்துகிறவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன, இனி ஒன்றும் மாற்ற முடியாது. தலைவர் கையில் தட்டோடு என்னிடம் வந்தார். அந்த லோரிக்காரர் உங்கள் தோட்டத்து ஆள்தானே, என்னதான் ஆயிற்று அந்த இரண்டு நாள் என்று கேட்டார். ஆசைப்பட்டபடி என் பெயரைச் சொல்லியே கேட்டார். நான் சொன்னேன். அம்மா, பதினாறாம் நாள், மொட்டை எல்லாவற்றையும் சொன்னேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் தட்டை மேசையில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு நான் உங்களைத்தான் பார்த்தேன், பாலா. கூடவே இருக்கிறவர் நீங்களே பேசாம இருந்ததால, வெளியில சொல்ல முடியாத காரியம் ஏதோ பண்ணியிருக்கான்னு நானா முடிவு பண்ணிட்டேன்."

ஆக, தினமும் விடியற்காலையில் வராத ஆளுக்கெல்லாம் காரணம் கேட்டுக் குறித்துக்கொள்ளும் நான், என் ஆள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று ஒரே ஒருவனுக்கு ஆப்செண்ட் போட்டுவிட்டு, அதற்கு நேர்மை என்று பெயரும் வைத்திருந்தேன்.