ஆவி பறந்த பெட்டி

கொரோனாக் காலம். மலையகத்துப் பசறைப் பனியில், பள்ளி மைதானத்தில், ஒரு மீட்டர் இடைவெளி விட்டுப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அளவுகோலும் கையுமாகக் காவல் நின்ற மாவீர வாத்தியார் நான். என் வகுப்புக் கவிதா சாப்பாட்டுப் பெட்டியைப் பாதி திறந்தாள். ஆவி பறந்தது, கை மட்டும் வாய்க்குப் போகவில்லை.

அது என் பழைய வித்தை. நான் பள்ளியில் படிக்கையில், அப்பாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை நின்ற மாதம், பெட்டியில் சுடுதேத்தண்ணி ஊற்றி, கம்பளியில் சுற்றிக் கொண்டுபோய், சோறு தின்பதாக நடித்தேன். மகா நடிகன்! ஒருநாள் அது காற்சட்டையில் கொட்டியது.

“டேய், ஒஞ் சோறு ஓடுதுடா!” என்று சிரித்த என் வகுப்புத் தோழன் செல்வம், தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் வாயில் திணித்தான்.

இப்போது நானும் என் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு கவிதாவிடம் போனேன். அவள் சட்டென்று பெட்டியை மூடினாள்.

“கிட்ட வராதீங்க சார். யாருகிட்டயும் வாங்கித் திங்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

சொன்னது நான்தான். ரொட்டியோடு அங்கேயே நின்றேன். சரியாக ஒரு மீட்டர்.