கதவைத் திறந்துவைத்துப் பொரித்த மீன்

நோர்பரி என்னும் ஆங்கிலேயப் புறநகரின் அடுக்குமாடியில் எங்கள் எதிர்வீட்டுக் கிரேக்க மூதாட்டி ஆண்டு முழுவதும் கதவைச் சத்தமில்லாமல் சாத்துபவர். கிரேக்கர்களின் சுதந்திர நாளான மார்ச் இருபத்தைந்தில் மட்டும், எண்ணெய் டின் ஒன்றை முட்டுக்கொடுத்துக் கதவை அகலத் திறந்துவைத்து, நீல முக்காட்டுடன் உப்பு மீன் பொரிப்பார். மாடியே மணக்கும்.

கவுன்சிலில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற நான்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். இந்த வருஷம் அதைப்பற்றிப் புகார் வந்ததும் எச்சரிக்கப் புறப்பட்டேன்.

“இஞ்சாருங்கோ, நல்ல நாளில அவவோட கொழுவிச் சண்டை பிடிக்காதேங்கோ,” என்றாள் மனைவி.

தீத்தடுப்புக் கதவைத் திறந்துவைக்கக் கூடாது, இன்னொரு புகார் வந்தால் வீடே பறிபோகும் என்றேன். மூதாட்டி மீனைப் புரட்டியபடி ஆங்கிலத்தில் கேட்டார்:

“நானூறு வருஷம் அடிமையாக இருந்தோம், மிஸ்டர் செக்ரட்டரி. விடுதலையையும் கதவைச் சாத்திக்கொண்டா கொண்டாடுவது?”

எந்த அதிகாரி முன்னும் எவரும் அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. உள்ளிப்பூண்டு அரைத்துத் தடவிய ஒரு துண்டை நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன். விசாரிக்க வந்தவரே சாப்பிட்டுவிட்டால் புகார் செல்லாது.

எங்கள் வீட்டில் கருவாடு பொரித்தால் ஜன்னல்களைப் பூட்டி, கதவிடுக்கில் துவாயைத் திணிப்போம். அப்படிச் செய்யச் சொன்னது யார்? தேடிப் பார்த்துவிட்டேன், எந்த விதியிலும் இல்லை.