கொண்டையில் ஒரு துண்டுப் புகையிலை

மூன்று மாதம் மகனை எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று துருவுகிறீர்களே, உங்கள் அடுப்பில் பால் பொங்கவில்லையா? போய் இறக்குங்கள். உங்கள் வீட்டிலும் ஒருவன் சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டையோடு திரிந்தால் மட்டும் உட்கார்ந்து கேளுங்கள்.

என் மகன் முருகேசன் அப்படித்தான் திரிந்தான். ராஜபாளையத்தில் மில் வேலை. கையெல்லாம் ஊசித் தழும்பு. கொசுக்கடி என்று நான் தேங்காய் எண்ணெய் தடவினேன். என் அறிவு அவ்வளவு.

கரைத்து ஊசியில் ஏற்றும் போதை மாத்திரையோடு போலீசில் பிடிபட்டான். விற்க அல்ல, தனக்குத்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஜட்ஜம்மா, "தங்கிச் சிகிச்சை எடுக்கச் சம்மதமா? பாதியில் ஓடினால் ஜெயில்" என்றார். அவன் தலையாட்டுமுன் நான் ஆட்டிவிட்டேன்.

போதை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். முதல் வாரம் விடுபடல் அவதி, அதாவது போதை நின்றதும் உடம்பு படும் பாடு. வாந்தி, வியர்வை, நடுக்கம். மூன்றாம் வாரம்தான் பார்க்க விட்டார்கள். வாசலில் என் சுருக்குப்பையைச் சோதித்துப் புகையிலையை வாங்கிக்கொண்டார்கள். எனக்கென்ன, கொண்டைக்குள் இன்னொரு துண்டு செருகியிருந்தேன்.

முருகேசன் பக்கத்தில் வந்ததும் மூக்கை உறிஞ்சினான்.

"யம்மா, கொண்டையில பொகையில இருக்கு. ஒரு கிள்ளு குடு."

"ஏலே, அது ஒன் மூக்கா, நம்மூரு நாய் மூக்கா?"

"குடு. இல்லன்னா இப்பவே சுவரேறிப் போறேன். இதுக்கு ஜெயிலே தேவல."

என் சிரிப்பு நின்றது. அவன் கண் சுவர் மேலேயே இருந்தது. கொடுத்தால் விதி மீறல், கோர்ட்டுக்கு எழுதுவார்கள். கொடுக்காவிட்டால் ஓடுவான். எப்படிப் பார்த்தாலும் ஜெயில். இதில் என் வாயும் ஊறியது.

கொண்டையை அவிழ்த்தேன். அவன் கை நீளுமுன் துண்டை எடுத்துப்போய் ஆலோசகரின் மேஜையில் வைத்தேன்.

"நாந்தாம்யா கடத்தினேன். இவன் தொடல. போடுறதுன்னா என்னய உள்ள போடுங்க."

அவர் அதைக் குப்பையில் போட்டார். "பாட்டிம்மா, இனிமே கொண்டையையும் சோதிப்போம்."

மகனிடம் திரும்பினேன். "ஏலே, நீ வெளிய வர்ற வரைக்கும் நானும் பொகையில போடல. யாரு மொதல்ல சுவரேறுதோம்னு பாப்போம்."

முறைத்தான். பிறகு சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

பஸ் ராஜபாளையம் வருவதற்குள் எனக்குத் தலை இடித்தது, கை நடுங்கியது. அரை மணி நேரம் நகரவே இல்லை. அவனுக்கு எல்லா மணியும் இப்படித்தான் போகிறது என்று என் உடம்பு சொல்லித்தான் தெரிந்தது.

இப்போது வந்துவிட்டான். முழுக்கக் குணம் என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கு வரை நன்றாக இருக்கிறான்.

திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறான் என்று அக்கம்பக்கத்தில் அளந்துவிட்டிருந்தேன். அடுத்த வீட்டு மதினி வெற்றிலையும் புகையிலையும் வைத்த தட்டை நீட்டி, "திருப்பூரு எப்பிடியாம்?" என்றாள். மற்றவர்களும் காதைத் தீட்டினார்கள்.

"திருப்பூருமில்ல, ஒண்ணுமில்ல. போதைக்கு வைத்தியம் பாத்துட்டு வந்திருக்கான். நானும் பொகையிலைக்கு வைத்தியம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். தட்ட அங்கிட்டு நகத்துங்க மதினி, இன்னும் கை போகுது."