காத்தை நிறுத்துங்க

வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க நான் சுவிட்சைத் தட்டுவதில்லை. காதைக் கொடுத்துக் கேட்பேன். ஹாலை ஒட்டிய அறையில் என் வீட்டுக்காரரின் ஆக்சிஜன் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். பழைய ஃபிரிட்ஜ் மாதிரி ஓர் உறுமல், நடுநடுவே 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு. அந்தச் சத்தம் இருந்தால் கரண்ட் இருக்கிறது. கரண்ட் இருந்தால் அவருக்கு மூச்சு இருக்கிறது. நின்றால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

அவருக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிற வியாதி. சுவரில் செருகிவிட்டால் அந்த மிஷின் ஆக்சிஜனைப் பிரித்து, டியூப் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் தாங்கும். அதுவும் படுத்துவிட்டால் சிலிண்டர். இந்த மூன்றுக்கும் நடுவில்தான் ஸ்ரீரங்கத்து அபார்ட்மென்டில் எங்கள் குடித்தனம்.

பகலில் துணைக்கு மண்ணச்சநல்லூரிலிருந்து ஒரு பெண் வருகிறாள். தங்கமான பெண், அவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது அவருக்கு வலிக்கவே வலிக்காது. அவள் வாயில் ஆக்சிஜன் என்ற சொல்லை நான் கேட்டதில்லை. அவளுக்கு அது காத்து. "ஐயாவுக்குக் காத்து வெச்சாச்சும்மா" என்பாள். எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. டாக்டரிடம் பேசி முடிவெடுப்பது எங்கள் மகள். அவளும் தினமும் மத்தியானம் போன் பண்ணி, "காத்தை ரெண்டுல வைங்க, சாப்பிடும்போது மூணுல வைங்க" என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லுவாள். இவளும் "சரிக்கா" என்று அப்படியே செய்வாள். என் பேச்சுக்கு அந்த மரியாதை கிடையாது. நான் நாளுக்கு நாலு தடவை பயந்து மாற்றி மாற்றிச் சொல்லுகிறவள்.

இதில் ஒரு விஷயம். என் மகளுக்கு வேலையே காத்தோடுதான். தெற்கே ஒரு காற்றாலைக் கம்பெனியில் கண்ட்ரோல் ரூமைப் பார்த்துக்கொள்கிறாள். அங்கே அவர்கள் பாஷையில் காற்றாலைக் கரண்டுக்கே காத்து என்றுதான் பெயர். "இன்னிக்குக் காத்து நல்லா வருது", "காத்தைக் குறைக்கச் சொல்லிட்டாங்க" என்று பேசிக்கொள்வார்கள். குறைக்கச் சொல்வது மேலிடம், அதாவது எந்த லைனில் எவ்வளவு கரண்ட் போகலாம் என்று பார்க்கிறவர்கள். லைன் தாங்கவில்லை என்றால் சுற்றுகிற காற்றாடியை நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும்.

என் வீட்டுக்காரரோ துணை மின் நிலையத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கேட்கவா வேண்டும்! மகள் லீவில் வந்தால் சாப்பாட்டு மேஜையில் தினம் ஒரு பட்டிமன்றம்.

"ஏம்மா, காத்தை நம்பி ஊருக்கு வெளக்கு போட முடியுமா? அது நெனச்சா அடிக்கும், நெனச்சா படுத்துடும். அது வரும்போதெல்லாம் நிலக்கரி பாய்லரைக் கேஸ் அடுப்பு மாதிரி திருகி அணைக்க முடியுமா?"

"காத்து மேல பழி போடாதீங்கப்பா. காத்து இருக்கு. கொண்டுபோற லைன்தான் இல்ல. லைன் போடுங்க, பேட்டரி வைங்க, அப்புறம் பேசலாம்."

"லைன் போட டவர் வேணும். எவன் வயல்ல நிறுத்துவ? உன் மாமனார் வயல்லயா?"

"முதல்ல கல்யாணம் பண்ணி வைங்க, அப்புறம் மாமனார் வயலைப் பாக்கலாம்."

"ரெண்டு பேரும் எந்திரிங்க, எச்சில் கை காயுது" என்று நான் விரட்டுவேன். அதெல்லாம் வியாதிக்கு முன்னால். இப்போது அவர் ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்து, நடுவில் மூச்சு வாங்கித்தான் சண்டை போடுகிறார். அவளும் அவர் முடிக்கும் வரை காத்திருக்கிறாள். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்காது.

போன ஆடியில் காவிரிக் காற்று பேயாட்டம் ஆடியது. எங்கேயோ தென்னை மட்டை கம்பியில் விழும், ஏரியா முழுக்கக் கரண்ட் போகும். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இன்வெர்ட்டரின் சின்ன விளக்கையே வெறித்துக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு நாள் மகளுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "உன் காத்தாலதான்டி இங்க கரண்ட் இல்ல!"

"இங்க காத்து அள்ளுதும்மா. ஆனா பாதிக் காத்தாடியை நிறுத்தச் சொல்லிட்டாங்க. லைன் தாங்காதாம்."

"இங்க ஒரு மனுஷன் மூச்சுக்கு அல்லாடறாரு, அங்க ஓடறதை நிறுத்தறீங்களா? நல்லா இருக்குடி உங்க நியாயம்!"

அந்தக் கரண்டுக்கும் இந்த மட்டைக்கும் சம்பந்தமில்லை என்று அவர் படுக்கையிலிருந்தே கையை ஆட்டினார். எனக்கு எதுவும் ஏறவில்லை. பயந்தவளுக்கு என்ன மட்டை, என்ன லைன்?

இன்வெர்ட்டர் வர வர சீக்கிரம் படுத்துக்கொண்டது. புது பேட்டரிக்குச் சொல்லிவிட்டு வரலாம் என்று ஒரு நாள் முற்பகல் மலைக்கோட்டைப் பக்கம் போனேன். கடையில் நின்றபோதும் மனசு இங்கேதான். திரும்பும்போது மத்தியானம் தாண்டிவிட்டது, காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. அம்மா மண்டபப் படித்துறைக்குக் குளிக்கப் போகிற கூட்டம். ஜன்னல் வழியே அடித்த காற்றில் கண்ணைத் திறக்க முடியவில்லை. எங்கே எந்த மட்டை விழுந்திருக்குமோ என்று கையைப் பிசைந்துகொண்டே வந்தேன்.

அபார்ட்மென்ட் வாசலில் லிஃப்ட் விளக்கு எரிந்தது. அப்பாடா, கரண்ட் இருக்கிறது! மேலே ஏறினேன். கதவைத் திறந்ததும் ஹாலில் ஃபேன் சுற்றியது. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்று நிதானமாக நடந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது. ஃபேன் ஓடுகிறது. மிஷின் சத்தம் இல்லை.

இத்தனை மாதமாக நான் பயந்ததெல்லாம் கரண்ட் போவதற்குத்தான். கரண்ட் இருந்தும் அந்த அறை அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. உள்ளே போனால் என்ன பார்ப்பேனோ என்று, சத்தியமாகச் சொல்கிறேன், போகப் பயந்து நின்றேன்.

அவர் தலையணையில் சாய்ந்திருந்தார். உதடு நாவல் பழம் தின்ற மாதிரி இருந்தது. கண் பாதி மூடியிருந்தது. டியூப் மூக்கில் அப்படியே இருந்தது, அதில் எதுவும் வரவில்லை. அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பாவம், அசந்து தூங்கறாரும்மா" என்றாள் மெதுவாக.

"அடிப்பாவி! மிஷினை ஏன்டி நிறுத்தின?"

பாய்ந்துபோய் சுவிட்சைப் போட்டேன். உறுமல் வந்தது. "என்னங்க, என்னங்க, இங்க பாருங்க" என்று அவர் கன்னத்தைத் தட்டினேன். விரலில் மாட்டிய, ஆக்சிஜன் அளக்கிற கிளிப்பில் எண்கள் நகரவே இல்லை. டாக்டரைப் போனில் பிடித்தேன். காற்றைக் கூட்டி வைத்து, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கச் சொன்னார், ஏறாவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார். நான் ரங்கா ரங்கா என்று அரற்றியது எதிர் வீட்டுக்குக் கேட்டிருக்கும். மெல்ல, மிக மெல்ல, எண்கள் ஏறின. உதட்டில் ரத்தம் தெரிந்தது. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "பேட்டரி... சொல்லிட்டியா?" என்றார். நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அந்தப் பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "அக்காதாம்மா நிறுத்தச் சொன்னாங்க. போன்ல பேசிக்கிட்டே இருந்தாங்க, திடீர்னு, காத்தை நிறுத்துங்கன்னாங்க. முழுசாவாக்கான்னு கேட்டேன். ஆமா முழுசா, இப்பவேன்னாங்க. போனை வெச்சுட்டாங்க. டாக்டர் சொல்லியிருப்பாரு, ஐயாவுக்குத் தேவலையாயிடுச்சுன்னு நெனச்சேம்மா."

எனக்குப் புரிந்துவிட்டது. மகள் அங்கே பக்கத்து சீட்டுக்காரனிடம் சொன்னதை இவள் தனக்கென்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். முழுசாவா என்று இவள் கேட்டது மகள் காதில் விழுந்தே இருக்காது, அந்த 'ஆமா'வும் அவனுக்குத்தான். அந்தப் பெண்ணைத் திட்ட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். கேட்டதற்கு அவளுக்குப் பதில் கிடைத்திருக்கிறதே. மகளுக்குப் போன் போட்டு நாலு வார்த்தை கேட்கலாம் என்று எழுந்தால், அவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்தார்.

"அவகிட்ட... சொல்லாத."

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "இன்னிக்கு மொத்தமா நிறுத்த வெச்சுட்டாங்கம்மா. அத்தனை காத்தும் வீண். அப்பாகிட்ட சொல்லு, ஜெயிச்சுட்டாருன்னு."

"தூங்கறாருடி" என்று மட்டும் சொன்னேன். அன்று முழுக்க ஃபேனைப் பார்ப்பதும் மிஷினைக் கேட்பதுமாக இருந்தேன். ஒன்று ஓடினால் இன்னொன்றும் ஓடும் என்ற தைரியம் போய்விட்டது.

மறுநாள் மத்தியானம் வழக்கம்போல் போன் வந்தது. நான் சமையலறையில் ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணை எச்சரித்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறாள்: "அக்கா, நேத்து மாதிரி இன்னிக்கும் காத்தை நிறுத்தச் சொல்லுவீங்களா? இனிமே அம்மாவைக் கேட்காம நான் சுவிட்சைத் தொடமாட்டேங்க்கா."

நான் கரண்டியோடு ஓடினேன்.

"நேத்து நான் எப்ப..." என்று மகள் ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு, "அம்மா, இருக்கியா?" என்றாள். சின்ன வயசில் ஜுரத்தில் கூப்பிடுகிற குரல். "எவ்வளவு நேரம்மா?"

அவர்தான் பேசினார். "உங்கம்மா... உடனே வந்துட்டா."

வாய் கூசாத பொய். அவள் அழுகிறாளா என்று கேட்கப் பயமாக இருந்தது. அவளுக்குப் பின்னால் அந்த ஆபீசில் யாரோ ஒரு பையன், "மேடம், உத்தரவு வந்துடுச்சு. காத்தை நிறுத்திடலாமா?" என்றான்.

அவன் மறுபடி கேட்டான்.

"மேடம், லைன் ஓவராப் போகுது. நிறுத்தட்டுமா?"

அவள் மூச்சு மட்டும் எங்களுக்குக் கேட்டது. அவர் முழங்கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். அந்தப் பெண் தாங்கிக்கொண்டாள். "நிறுத்தச் சொல்லும்மா" என்றார். "லைன் தாங்காதுன்னா... தாங்காது. எனக்கு ஓடுது."

நான் போனை எடுத்து மிஷின்மேல் வைத்தேன். அது உறுமியது, 'புஸ்' என்றது, மறுபடி உறுமியது. அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத்தான், அவனிடம், "நிறுத்துங்க" என்றாள்.