யோகராணி பொருத்திய பெட்ரோல் மூடி

திங்கட்கிழமை காலை, சூலியா தெருவில் என் உதிரிப்பாகக் கடையைத் திறந்து சரக்குப் பெட்டி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கெப்பாலா பத்தாஸிலிருந்து யோகராணியின் தம்பி கூப்பிட்டார். "அண்ணே, அக்கா போயிட்டாங்க. காலையில எழுப்பப் போனோம், எழுந்திருக்கல" என்றார். ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குச் சாப்பிடப் போனவர் அங்கேயே தூக்கத்தில் போய்விட்டார். வயது ஐம்பத்தாறு. போனை வைத்துவிட்டேன். பிறகு நானே திரும்பக் கூப்பிட்டு, எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். வாயை வைத்துப் பிழைக்கிறவன் நான். அன்றைக்கு அதற்கு மேல் வரவில்லை.

டத்தோ கிராமாட்டில் அவருடைய லேத் பட்டறைக்கு வேலை கொண்டுபோனவர்கள் பினாங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒவ்வொருவரிடமும் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கும். என்னிடம் இருப்பது ஒரு பெட்ரோல் மூடியின் கதை. அதில் நான் நடந்துகொண்ட விதம் நல்லதில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அவர் என் கடைக்கு முதலில் வந்தது சண்டை போடத்தான். நான் விற்ற பேரிங் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, பெட்டியில் போட்டிருக்கிற அளவு இதில் இல்லை என்றார். அளவுகோலை அவரே கொண்டுவந்திருந்தார். வித்தியாசம் முடி கனம்கூட இருக்காதே தங்கச்சி, அதுக்கா இந்த வெயிலில் வந்தாய் என்று கேட்டேன். "ஓம் அண்ணே, அதுக்குத்தான்" என்றார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். மற்றபடி நம்மைப் போலவே பேசுவார். ஆமாம் என்பதற்கு மட்டும் ஓம்தான். அப்பா ஆபீஸில் கிராணி வேலை பார்த்தவர். மகளையும் நாற்காலியில் உட்காரவைக்க நினைத்தார். மகள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரும்பு கடையப் போனார். தொழிற்சாலை இடம் மாறியதும் பழைய லேத் ஒன்றை வாங்கித் தனியாகத் தொழில் தொடங்கினார். உயிரோடு இருந்தபோது வா, போ என்றுதான் அவரிடம் பேசினேன். எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்றே கை போகிறது.

என்னிடம் ஒரு பழைய இங்கிலீஷ் காடி இருக்கிறது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் பந்தயக் காடி, பச்சை நிறம். சில வருடத்துக்கு முன்னால் அதற்குப் பழைய பந்தயக் காடிகளில் இருந்ததைப் போன்ற பெட்ரோல் மூடி வைக்க ஆசைப்பட்டேன். பளபளக்கும் அலுமினியம், சின்ன நெம்பைத் தட்டினால் தலை நிமிர்ந்து எழுந்து நிற்கும். ஆசையில் பாதி வியாபாரம். அந்த மூடிகளை ஒரு பெட்டி நிறைய வரவழைத்து, பழைய காடிச் சங்கத்து ஆட்களுக்கு ஏற்கெனவே ஆறு விற்றிருந்தேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமை எஸ்பிளனேட் திடலில் சங்கத்தின் காட்சி. அதில் என் காடியைப் பார்த்தால் மிச்சமும் போய்விடும் என்பது என் கணக்கு. பொருத்தித்தரும் வேலையை யோகராணியிடம் கொடுத்தேன்.

அவர் காடியைத் தொடவே இல்லை. முதலில் மூடியை ஒரு குழாய்த் துண்டில் மாட்டி, தண்ணீர் நிரப்பி மூடினார். தட்டுக்கு மேல் தலைகீழாகப் பிடித்தார். நெம்பின் ஓரமாகத் தண்ணீர் கசிந்து சொட்டியது. சொட்டுவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அண்ணே, இது மூடி இல்ல. மூடிக்கு மேல போடுற தொப்பி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காடி நிற்கத்தான் போகிறது, நின்ற இடத்தில் எப்படி ஒழுகும், டாங்கியின் பழைய கழுத்தை வெட்டிவிட்டு இதை மாட்டு என்றேன்.

"நிக்கிற காடிக்கு டாங்கி எதுக்கு? மினியாக் ஊத்தாம தள்ளிக்கிட்டுப் போங்க."

எனக்குக் கோபம் வந்தது. பினாங்கில் வேறு பட்டறையே இல்லையா என்று கேட்டேன். "இருக்கு. அடுத்த லோரோங் சந்துலயே இருக்கு. அங்க செஞ்சா அங்க செஞ்சதுன்னு சொல்லுங்க, என் பேரச் சொல்லாதீங்க" என்றார். அவருக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் என் கடை வழியாகப் போவது. நான் கையை எடுத்துவிட்டால் அந்தப் பட்டறை ஓடாது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அப்படி இருந்தும் மூடியைத் துடைத்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். என்னிடம் சரக்கு எடுக்கிற எந்த ஆம்பளையும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

வேறு பட்டறைக்குப் போகாததற்கு என் நல்ல மனசு காரணம் இல்லை. அவர் வேலையில் இருக்கும் சுத்தம் வேறு யாருக்கும் வராது, அதுதான் காரணம். உன் இஷ்டப்படி செய் என்று விட்டேன். பழைய திருகு மூடியையும் கழுத்தையும் அப்படியே வைத்துக்கொண்டார். அதைச் சுற்றி உயரமாக நிற்கும்படி ஒரு வளையம் கடைந்தார். அந்த வளையத்தின்மேல் புது மூடி உட்காரும். பெட்ரோல் ஊற்றும்போது சிந்துவது கீழே தரைக்கு ஓடிவிட மெல்லிய குழாய் ஒன்றும் வைத்தார்.

வளையத்துக்காகக் காடியின் உடம்பில் ஆறு துளை போட வேண்டும். பெட்ரோலை எல்லாம் எடுத்துவிட்டேன், டாங்கி காலி, சீக்கிரம் போடு என்றேன். ட்ரில்லைக் கீழே வைத்துவிட்டார். "காலி டாங்கிதான் அண்ணே வெடிக்கும். உள்ள இருக்கிறது ஆவி." டாங்கியைக் கழுவி, கழுத்து வரைக்கும் தண்ணீரை நிரப்பினார். காகிதத்தில் ஆறு புள்ளி வைத்து, ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்தார். ட்ரில் முனையில் கிரீஸ் தடவி, கொஞ்சம் சுற்றுவார், எடுத்துத் துடைப்பார், திரும்பச் சுற்றுவார். கிளம்பிய இரும்புத்தூள் எல்லாம் கிரீஸிலேயே ஒட்டிக்கொண்டது. பச்சைப் பெயின்டில் ஒரு கீறல் இல்லை. முப்பது வருடமாக நட்டும் போல்ட்டும் விற்கிறேன். ஒரு துளையை இப்படிப் போடலாம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பாதி நாள் கடையை மறந்து நின்றேன். டாங்கியைக் காயவைக்க மட்டும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை திடலில் என் காடியைச் சுற்றிக் கூட்டம். செல்வம் என்று ஒரு வக்கீல், சங்கத்தில் வாய் பெரியவர். என்னிடம் முதல் மூடியை வாங்கியவரும் அவர்தான். வேறொரு பட்டறையில் நேராகக் கழுத்தில் மாட்டியிருந்தார். வாயில் சிகரெட்டோடு வந்து என் மூடியைத் தட்டினார். மூடி எழுந்து நின்றது. உள்ளே பழைய கறுப்புத் திருகு மூடி. "என்ன பாஸ், வழுக்கைத் தலைக்கு விக் வச்ச மாதிரி இருக்கு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுத வேண்டும். யோகராணி மூன்றடி தள்ளி நின்றிருந்தார். நான் அவரைக் கையால் காட்டி, "நான் எங்க செஞ்சேன்? இந்த அம்மாவோட வேலை இது" என்றேன். சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. யாரோ பொம்பளை மெக்கானிக் என்று இழுத்துச் சொன்னார்கள்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை எடுத்தார். செல்வத்திடம் போய், டாங்கி நிறைய இருக்கிறதா என்று கேட்டார். வரும் வழியில்தான் நிரப்பினேன் என்றார் செல்வம். அவருடைய மூடியின் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டிவிட்டு, "மணிக்கூண்டு வட்டத்துல நாலு சுத்து சுத்திட்டு வாங்க சார். எப்பவும் ஓட்டுற மாதிரியே ஓட்டுங்க" என்றார்.

செல்வம் சிகரெட்டை நண்பர் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தபடி போனார். திரும்பி வந்தபோது துணி நனைந்து மஞ்சளாகத் தொங்கியது. மூடிக்குக் கீழே பெயின்டில் ஈரக்கோடு, அதற்கும் கீழே சூடான புகைக்குழாய். வாசனை எல்லோர் மூக்குக்கும் எட்டியது. சிகரெட்டை வைத்திருந்தவர் கடல் சுவர் வரைக்கும் நடந்துபோய் அதை அணைத்தார். செல்வம் காடியை விட்டு இறங்கித் தன் சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தினமும் பேத்தியைப் பள்ளிக்கு அதில்தான் கூட்டிப்போவார்.

கூட்டம் என்னைப் பார்த்தது. விற்றவன் நான்தானே. யோகராணி ஏதாவது சொல்லி என்னைக் காப்பாற்றுவார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், நான் அவ்வளவு செய்த பிறகும். அவர் எல்லோர் முன்னாலும் என்னிடம் சொன்னார்: "சாமான்ல தப்பு இல்ல அண்ணே. அது என்ன செய்யாதுன்னு நீங்க சொல்லல."

குரலை உயர்த்தவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. அளவு சொல்வதைப் போலச் சொன்னார். அவருடைய பிழைப்பில் பாதி என் கையில் இருந்தது. அதற்காக உண்மையை ஒரு நூல்கூடக் குறைக்கவில்லை. கொஞ்சம் முன்னால் நான் அவரைக் காட்டிக்கொடுத்தேன். அதற்காக ஒரு நூல்கூடக் கூட்டவும் இல்லை. அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. அன்றைக்கு அந்த வெயிலில், என்னைவிட வயதில் குறைந்த ஒருவர் முன்னால் சின்னப்பிள்ளையாக நின்றேன்.

மறுநாள் மூடி வாங்கிய ஆறு பேரையும் நானே கூப்பிட்டு, காடியை எடுக்காதீர்கள் என்றேன். ஆறுக்கும் யோகராணி வளையம் கடைந்தார். செல்வத்தின் காடியைத்தான் முதலில் எடுத்தார். திடலில் நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கப் பட்டறைக்குப் போனேன். "கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க அண்ணே, வெளிச்சத்த மறைக்கிறீங்க" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. பொருளை மேசையில் வைக்கும்போது, அது என்ன செய்யாது என்பதை முதலில் சொல்கிறேன். பிறகுதான் மற்றது. அவருடைய காரியம் முடிந்து நான் கடை திறந்த அன்று ஈப்போவிலிருந்து ஒருவர் வந்து பிரேக் குழாய் ஒன்றைக் கேட்டார். இது உங்கள் காடியின் சூட்டைத் தாங்காது என்றேன். வியாபாரம் செய்யத் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனார். அவர் தெருமுனை திரும்பும் வரைக்கும் நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிடவில்லை.