இடது கன்னத்துக்கு என்ன செய்வது

மாதாவின் சொரூபத்தைத் தூக்கும் வரிசையிலிருந்து என்னை வெளியே தள்ளியது நீங்கள்தான். வேறு யாருமில்லை. உங்கள் பெயரை நான் எழுதவில்லை. திருவிழாக் குழுவின் தலைவர் யார் என்று தெற்கு லண்டனில் நம் தமிழ்ப் பூசைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நான் பஸ் ஓட்டுகிறவன். யூனிஃபார்ம் காலர் நாள் முழுக்கக் கழுத்தில் உரசும். நாலு பிளேடு வைத்த ரேசரால் ஷேவ் எடுத்தால் மறுநாள் கழுத்தெல்லாம் சிவப்புக் கொப்புளம். முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்கிறது, ஒற்றை பிளேடு உள்ள எதையாவது பாவித்துப் பாருங்கள் என்று டொக்டர் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் ஆவணித் திருவிழாவுக்குச் சொரூபம் தூக்குகிறவர்களில் ஒருவனாக என் பெயரை வாசித்தார்கள். மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே இந்தப் பூசைக்கு வருகிறேன். கதிரை அடுக்கியிருக்கிறேன், சட்டி கழுவியிருக்கிறேன். என் தோளில் சொரூபம் ஏறியதில்லை. ஊரில் எங்கள் ஆட்களை அதன் கிட்டப் போக விட்டதில்லை. திருவிழாவில் அப்பா சனத்துக்குப் பின்னால் நின்றுதான் கும்பிட்டார். நாங்கள் முடி வெட்டுகிற சாதி. இதோ, நானே எழுதிவிட்டேன். இனி யாரும் குசுகுசுக்க வேண்டாம்.

மாதாவுக்குக் கீழே கொப்புளம் போட்ட கழுத்தோடு நிற்க எனக்கு விருப்பமில்லை. அதனால் சவரக்கத்தி தேடத் தொடங்கினேன். அந்த ஆசையைக் கிளப்பியதும் நீங்கள்தான். பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது உங்களுக்கு வேறு பேச்சே கிடையாது. ஜப்பான் கத்தி, ஜப்பான் இரும்பு, ஜப்பான் கொல்லன். ஒரு ஞாயிறு பெட்டியோடு கொண்டு வந்து ரோல்ஸ் தட்டுகளைத் தள்ளிவைத்துவிட்டு, மேசையில் துணி விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தீர்கள். யாரும் விரலால் தொடக்கூடாது என்றீர்கள். எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. அப்பா ஊரில் சலூன் வைத்திருந்தார். லண்டன் வந்த பிறகு பெற்றோல் ஷெட்டில் வேலை செய்தார். வீட்டில் அவர் கத்தரிக்கோல் பிடித்து நான் பார்த்ததேயில்லை. தங்கச்சியின் முடி கண்ணை மறைத்தபோதுகூட அவளைக் கடைக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார். யாராவது ஜன்னலால் பார்த்துவிடுவார்கள் என்று சொந்த வீட்டுக்குள்ளேயே பயம். அப்படி வளர்ந்தவன் நான்.

ஆகவே எல்லாப் புதியவர்களையும் போல நானும் குழம்பினேன். மடிக்கிற கத்தி ஒரு வகை. மடிக்காத கத்தி இன்னொரு வகை: பிடியும் அலகும் ஒரே இரும்பு, பிடியில் பிரம்பு சுற்றியிருக்கும், அலகின் ஒரு பக்கம் அதிகம் குழிந்திருக்கும், மறுபக்கம் கிட்டத்தட்டத் தட்டை. பார்க்க அதுதான் அழகு. புதிது வாங்குவதா, பழையது வாங்குவதா என்று அடுத்த தலையிடி. பழையதில் படத்தில் மினுங்குகிறது, கைக்கு வந்தால் துரு. புதிதில் பாதி, தீட்டாமலே விற்கிறார்கள். மடிக்காத கத்தியில் இன்ன பக்கம்தான் தோலில் பட வேண்டும் என்று ஒருவன் எழுதுகிறான். எந்தப் பக்கமும் படலாம் என்று அடுத்தவன். எனக்குத் தெரிந்த ஒரே அனுபவசாலி நீங்கள். அதனால் அந்த மேசையடியில் கேட்டேன்.

"அண்ணை, ஒரு பக்கத்தைத்தான் முகத்தில வைக்கவேணும் எண்டு போட்டிருக்கு. வலது கன்னம் சரி. இடது கன்னத்துக்கு என்ன செய்யிறது? கையை எப்பிடித் திருப்புறது?"

நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள்.

"ஐயோ தம்பி, நீர் என்னட்டக் கேக்கிறீரோ? நான் காசு குடுத்துப் பழகினவன். உங்கட ஆக்களுக்குப் பிறக்கேக்கையே கையில வந்திருக்குமே!"

அப்பாவின் சலூனைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. பக்கத்தில் நின்றவர் உடனே பிடித்துக்கொண்டார். "தலைவர், அப்ப பெட்டியை மூடுங்கோ. இனி தம்பி ஞாயிறு ஞாயிறு எங்களுக்குச் சவரம் எடுத்துவிடுவார்."

"முதல் கதிரை எனக்கு!" என்றார் இன்னொருவர்.

"எனக்குத் தெரியாது அண்ணை, அதாலதான் கேட்டனான்," என்றேன். சிரிப்பில் அது யாருக்கும் கேட்கவில்லை. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா பக்கத்தில் நின்றவரிடம், "அப்பிடியோ? இவ்வளவு நாளும் தெரியாதே," என்றது மட்டும் எனக்குக் கேட்டது. என் மனைவி அவருக்கு அருகில்தான் கோப்பை அடுக்கிக்கொண்டிருந்தாள். காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். பிறகு, "நீங்கள் ஏன் அந்த மனுசனிட்டக் கேக்கப் போனனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த கிழமை குழுச் செயலாளர் போன் எடுத்தார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. மாதா சுருவம் தூக்க உயரம் பொருந்தேல்லையாம். கார் பார்க்குக்குப் பொறுப்பா ஒராள் வேணும். நீங்கள் பஸ் ஓடுறனீங்கள் தானே."

"பேர் வாசிக்கேக்க பொருந்தின உயரம் இப்ப என்ன, சுருங்கிட்டுதோ?"

"என்னை மாட்டாதேங்கோ அண்ணை. தலைவரிட்டக் கேளுங்கோ."

உங்களிடம் கேட்டேன். "இதுகளைப் பெரிசாக்காதேயும். எங்க நிண்டாலும் மாதாவுக்குச் சேவைதான்," என்றீர்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்டு எழுதினேன். என் கேள்வி அழிக்கப்பட்டது. அதற்குக் கீழே யாரோ போட்ட பூசை நேரம் மட்டும் நின்றது.

கத்தியை எப்படியோ வாங்கினேன். இடது கன்னத்துக்குப் பதில் கிடைக்காததால் மடிக்காததை விட்டுவிட்டு மடிக்கிறதையே தெரிவு செய்தேன். பழையது, ஜப்பானில் செய்தது, தீட்டித் தருகிற ஒரு கடையில். அதை எந்தச் சாய்வில் பிடிப்பதென்று தெரியாமல், முகத்தில் வைப்பதும் எடுப்பதுமாக நின்றேன். பிறக்கும்போதே கையில் வந்தது என்றீர்களே, வந்து பார்த்திருக்க வேண்டும். தாடைக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பழகினேன். கழுத்துக் கொப்புளம் ஆறிவிட்டது. திருவிழாக் காலையிலும் அதாலேயே எடுத்தேன். இடது தாடையில் சின்ன வெட்டு. அதில் ரிஷ்யூப் பேப்பர் துண்டு ஒட்டிக்கொண்டு, மஞ்சள் ஜக்கெட் போட்டுக்கொண்டு, கார் பார்க்கில் நின்றேன்.

மகள் ரோல்ஸ் கொண்டுவந்து தந்தாள். "அப்பா, ஏன் நீங்க கேரி பண்ணேல்ல?"

"உயரம் காணாதாம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். சுற்றுப்பிரகார ஊர்வலம் அப்போதுதான் கோயில் வாசலைத் தாண்டி எங்கள் பக்கம் வளைந்தது. என் இடத்தில் நின்றவர் என் தோளுக்கும் எட்டமாட்டார். மாதா அந்தப் பக்கம் சரிந்து சரிந்து வந்தாள். அவர் ஒரு கையால் தடியை மேலே தள்ளிக்கொண்டு நடந்தார்.

"தட்ஸ் எ லை, அப்பா," என்றாள்.

வீட்டுக்கு வந்து அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. லண்டனில் பிறந்த பிள்ளைக்குச் சாதி என்றால் என்ன, நாங்கள் எது, அதற்கும் மாதாவைத் தூக்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று. சொல்லாமலே இவளை வளர்த்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். கேட்டுவிட்டு, "பட் ஹி கலெக்ட்ஸ் ரேசர்ஸ்," என்றாள். அதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

நீங்கள் வைத்திருக்கும் கத்திகளில் பழையவை எல்லாம் ஜப்பானில் யாரோ முடிதிருத்துகிறவர் கையில் பிடித்தவை. அதை நீங்களே அந்த மேசையில் பெருமையாகச் சொன்னீர்கள். அவர்களைக் கும்பிடாத குறை. உங்களோடு ஒரே கோப்பையில் நற்கருணை வாங்குகிறவனைக் கார் பார்க்குக்கு அனுப்பினீர்கள்.

போனில் வேண்டாம். என் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துச் சமாதானம் பேசவும் வேண்டாம். என்னைப் பார்த்துச் சிரித்தது மண்டபத்தில், எல்லோருக்கும் முன்னால். வருகிற ஞாயிறு பூசை முடிந்து அறிவித்தல் வாசிக்கும்போது அதே மண்டபத்தில் எழுந்து நில்லுங்கள். என் பெயரை வெட்டியது யார், எதற்காக என்று சொல்லுங்கள். உயரம் என்று சொல்வதானால், என் இடத்தில் நின்று தூக்கியவரையும் என்னையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு சொல்லுங்கள். நான் முன்வரிசையில் இருப்பேன். மகளும் வருவாள்.