இருபத்து நான்காவது சுற்று

ரொஸ்னானி அக்காவைத் தெரியுமா என்று பந்திங் ஊரில் யாரைக் கேட்டாலும் பள்ளிக்கூட வேனைத்தான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறார். காலை ஐந்தே முக்காலுக்கு வீட்டு முன்னால் ஹாரன் ஒரே ஒரு தடவை அடிக்கும். பிள்ளை வரவில்லையென்றால் வேன் போய்விடும். பெற்றவர்கள் போன் போட்டுத் திட்டுவார்கள். மறுநாள் பிள்ளை ஐந்து நாற்பதுக்கே ரோட்டில் நிற்கும்.

நான் சொல்லப்போவது அவருடைய இன்னொரு வண்டியைப் பற்றி. ஆயிரத்து அறுநூறு சிசி, இரண்டு கதவு, என் மூத்த மகளைவிட வயது அதிகம். வெள்ளத்தில் மூழ்கிப் பழைய இரும்புக்குப் போக இருந்ததை வாங்கி, என் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது.

"மணியம், இதை ரேசுக்குத் தயார் பண்ணு."

"யாரு ஓட்டப் போறதுக்கா, மகனா?"

"அவனுக்கு ரிவர்ஸ் எடுக்கவே வராது. நான்தான்."

நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. நான் சிரித்து முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சுதா? எப்ப வேலைய ஆரம்பிக்கிற?"

அப்படி ஆரம்பித்ததுதான். ரோட்டில் ஓடுகிற சாதாரணக் காரை எடுத்து, சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டு, உள்ளே இரும்புக் குழாயால் கூண்டு கட்டி, பந்தயத்துக்கு விடுவது. டூரிங் கார் பந்தயம் என்றால் அவ்வளவுதான். பணக்காரன் புதுக் காரில் செய்வான், நாங்கள் இரும்புக்கடைக் காரில் செய்தோம். ஒன்பது வருடம், வருடத்துக்கு நான்கு போட்டி. ஒரு கோப்பைகூட வந்ததில்லை. ஜெயிக்கிறவன் ஒரு போட்டிக்குள் எங்களை மூன்று நான்கு தடவை முந்திப் போவான். நீலக் கொடி காட்டுவார்கள். பின்னால் முதல் ஆள் வருகிறான், ஒதுங்கு என்று அர்த்தம். அக்கா ஒதுங்குவார். ஒதுங்கிவிட்டு ஹெல்மெட்டுக்குள் என்ன சொல்வார் என்பது எனக்கு ரேடியோவில் கேட்கும். அதை இங்கே எழுத முடியாது.

போன வருடக் கடைசிப் போட்டி செப்பாங் பந்தயத் தடத்தில். வெள்ளிக்கிழமை மத்தியானப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனோடு நேராக அங்கே வந்தார். பிள்ளைகள் உட்காரும் சீட்டில் ஹெல்மெட்டுக்கு பெல்ட் போட்டு வைத்திருந்தார். கூடவே அவர் வீட்டுக்காரர் சம்சூரி. தண்ணீர் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு நாளைக்கு மொத்தமாகப் பத்து வார்த்தை பேசுவார்.

அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அடுத்த வருடம் தடத்தில் இடம் கம்மி. ஆகவே இந்தப் போட்டியில் ஜெயிக்கிறவரைவிட இரண்டு சுற்றுக்கு மேல் பின்தங்கி முடிப்பவர்களுக்கு அடுத்த வருடம் அனுமதி இல்லை. முடிக்காதவர்களுக்கும் இல்லை.

அக்கா அதை இரண்டு தடவை படித்தார். பக்கத்தில் ஜெரமி தியோ நின்றிருந்தான். முப்பது வயது, அப்பாவுக்கு டைல்ஸ் தொழிற்சாலை, அந்த வருடம் எல்லாப் போட்டியிலும் அவன்தான் முதல்.

"பரவாயில்லக்கா, அடுத்த வருஷம் இங்கயே நாசி லெமாக் கடை போடுங்க. நான் தினமும் வாங்குறேன்."

"எனக்கு நாசி லெமாக் ஒழுங்கா ஆக்கத் தெரிஞ்சா நான் ஏன்டா இங்க வரேன்? இவரக் கேட்டுப் பாரு."

சம்சூரி தலையை ஆட்டினார். "உப்பு ஜாஸ்தி," என்றார்.

ஜெரமி சிரித்துக்கொண்டே போனான். அவன் போனபிறகு அக்கா என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ரெண்டு சுற்று. அதுக்கு மேல போகக் கூடாது. வேகம் வேணும் மணியம். எங்கேருந்து எடுப்பியோ தெரியாது."

அன்று சாயங்காலம் நான் எஞ்சினைத் திருத்தினேன். பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாகக் குடிக்க விட்டால் அந்த எஞ்சினுக்கு வேகம் கூடும். ஆனால் அப்படிக் குடித்தால் தொட்டி முழுக்க ஊற்றினாலும் இருபத்து மூன்று சுற்றுக்குத்தான் வரும். நான் மனதுக்குள் போட்ட கணக்கு இதுதான்: ஒரு மணி நேரப் போட்டி, ஜெரமி இருபத்தாறு சுற்று ஓடுவான், எவ்வளவு முக்கினாலும் அக்கா மூன்று சுற்று பின்னால்தான் இருப்பார். ஆக இருபத்து மூன்று போதும். நல்லபடியாக முடித்தோம் என்ற பெயராவது மிஞ்சட்டும்.

அதை அக்காவிடம் சொல்லவில்லை. தொட்டி நிரம்பியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை.

சனிக்கிழமை தகுதிச் சுற்று. கார் பாய்ந்தது. முந்தைய போட்டியைவிட ஒரு சுற்றுக்கு நான்கு வினாடி குறைவு. சம்சூரி கையிலிருந்த ஸ்டாப்வாட்சை என்னிடம் நீட்டி, "இது கெட்டுப் போச்சா?" என்றார். கெட்டுப் போகவில்லை. அக்கா இறங்கி வந்து ஒரு குவளை தே தாரிக் டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு என் முதுகில் ஓங்கி அடித்தார். வலித்தது. அந்த அடி எனக்கு வேண்டியதுதான் என்று அப்போதே தோன்றியது. அப்போதும் பெட்ரோல் கணக்கைச் சொல்லவில்லை.

ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்குப் போட்டி. தார் கொதித்தது. காருக்குள் அறுபது டிகிரி இருக்கும். நான் தடத்தை ஒட்டி மெக்கானிக்குகள் நிற்கும் பிட் சுவரோரம் ரேடியோவோடு நின்றேன். சம்சூரி குடை பிடித்தார், எனக்கு இல்லை, தனக்கு.

முதல் தடவை ஜெரமி எங்களை முந்தும்போது அவனுக்கு ஒன்பதாவது சுற்று. இரண்டாவது தடவை பதினெட்டாவது சுற்று. இரண்டு தடவையும் நீலக் கொடி ஆடியது, அக்கா முறையாக ஒதுங்கினார். அதன் பிறகு அவர் ஓட்டியது மாதிரி நான் பார்த்ததில்லை. வளைவில் உள்பக்கச் சக்கரம் தரையில் படவில்லை. எங்கள் காரைவிடப் புதிய கார் மூன்றை முந்தினார். ரேடியோவில் பேச்சே இல்லை, மூச்சு மட்டும்தான் கேட்டது.

பெட்ரோல் கணக்கை மனதுக்குள் மறுபடி போட்டுப் பார்த்தேன்.

இந்தப் போட்டியில் ஒரு விஷயம் உண்டு. ஒரு மணி நேரம் ஆனபிறகு, முதலில் ஓடுகிறவன் கோட்டைத் தாண்டும்போது கட்டம் போட்ட கொடியை இறக்குவார்கள். அவனுக்குப் பின்னால் கோட்டைத் தாண்டுகிற எல்லாருக்கும் அத்தோடு போட்டி முடிந்தது. அவனுக்கு முன்னால் தாண்டிவிட்டவர்கள் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றி வந்துதான் கொடியை வாங்கவேண்டும்.

அந்த ஒரு மணி நேரம் முடிந்தபோது ஜெரமி கடைசிச் சுற்றில் இருந்தான். அக்கா அவனுக்கு முன்னால், தடத்தில் ஏழெட்டு வினாடி தூரத்தில். ஒவ்வொரு வளைவிலும் அந்தத் தூரம் சுருங்கியது. அவனை முந்தவிட்டால் அக்கா அவன் பின்னாலேயே கோட்டைத் தாண்டி, இருபத்து மூன்றாவது சுற்றோடு பத்திரமாக முடிப்பார். ஆனால் மூன்று சுற்று பின்தங்கல், அடுத்த வருடம் கிடையாது. முந்தவிடாமல் தாண்டினால் இருபத்து நான்காவது சுற்று ஓடவேண்டும். அதை முடித்தால் இரண்டு சுற்றுதான் பின்தங்கல். அதற்குப் பெட்ரோல் இல்லை.

ரேடியோவை அழுத்தினேன். "அக்கா, வேகத்தக் குறைங்க. அவன் போகட்டும்."

"என்னது?"

"அவன் முன்னால போகட்டும். கோட்டைத் தாண்டினா முடிஞ்சுது. வண்டி முழுசா வந்துரும்."

"உனக்குப் பைத்தியமா? இன்னும் அவன் என் பின்னால வந்து சேரவே இல்ல. நான் எதுக்கு விடணும்?"

"பெட்ரோல் இல்லக்கா!"

"தொட்டி ஃபுல்லுன்னு சொன்னியேலா!"

"ஃபுல்லுதான். இருபத்து மூணு சுற்றுக்குத்தான் வரும். நான்... நான் அந்தக் கணக்குலதான் திருத்தினேன்."

அவருக்குப் புரிந்துவிட்டது. இருபத்து மூன்று என்றால் மூன்று சுற்று பின்னால். பட்டறையில் ஒன்பது வருடம் கூட நின்றவனே அந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கிறான்.

"க்ளிக்" என்று ரேடியோ அணைந்தது.

அக்கா கோட்டைத் தாண்டினார். இரண்டு வினாடி கழித்து ஜெரமி தாண்டினான். அவனுக்குக் கொடி விழுந்தது, அவன் ஆட்கள் சுவரில் ஏறிக் குதித்தார்கள். அக்காவின் கார் தனியாக முதல் வளைவுக்குள் போய் மறைந்தது.

முதல் ஆள் முடித்ததிலிருந்து ஐந்து நிமிடத்தில் நேரம் பார்ப்பதை மூடிவிடுவார்கள். அதற்குள் கோட்டைத் தாண்டாதவர் முடிக்காதவர். சம்சூரி ஸ்டாப்வாட்சை அழுத்தினார். நான் எதையும் பார்க்கவில்லை, காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்றேன். பின்பக்க நேர்ப்பாதையில் எஞ்சின் இருமுவது கேட்டது. அழுத்தாமல், உருட்டி உருட்டி ஓட்டுகிறார். கடைசிக் கொண்டை வளைவில் இரண்டு தடவை இருமியது. திரும்பி எங்கள் பக்கம் முகம் காட்டியபோது சத்தமே இல்லை. வெறும் டயர் மட்டும் தாரில் உரசி வந்தது. வந்து, வந்து, கோட்டுக்கு ஐம்பதடி இருக்கும்போது நின்றுவிட்டது.

தடத்துப் பணியாள் இருவர் கயிறோடு சுவரைத் தாண்டி ஓடினார்கள்.

"தொடாத!" அக்கா ஜன்னல் வலையைப் பிய்த்துப் போட்டுக் கத்தினார். "எவனாவது கைய வெச்சீங்க, கடிச்சுருவேன்!"

யாராவது தள்ளினால் ஆட்டம் ரத்து. அவர்களுக்கும் தெரியும். நின்றுவிட்டார்கள்.

"நாலு நிமிஷம்," என்றார் சம்சூரி.

அப்போது கார் ஒரு குதி குதித்தது. எஞ்சின் ஓடவில்லை. கர்ர்ர் என்று ஒரு சத்தம், கார் இரண்டடி நகர்ந்தது. எனக்கு அடுத்த கணமே விளங்கிவிட்டது. முதல் கியரைப் போட்டு, கிளட்சை விட்டுவிட்டு, ஸ்டார்ட் பட்டனை அழுத்துகிறார். ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுற்றுகிறது, எஞ்சின் சக்கரத்தைச் சுற்றுகிறது. வெள்ளம் ஏறிய ரோட்டில் வேன் நின்றுபோனால் பிள்ளைகளோடு அப்படித்தான் கரையேறுவார். கர்ர்ர், நிறுத்தம். கர்ர்ர், நிறுத்தம். பேட்டரி செத்துவிடாமல் மூச்சுவிட நேரம் கொடுத்துக் கொடுத்து அழுத்தினார். பணம் உள்ளவர்கள் எடை குறைய உள்ளங்கை அளவு பேட்டரி வைப்பார்கள். அக்கா வைத்திருந்தது வேனுக்குப் போடுகிற பெரிய பேட்டரி.

"சிரிப்பா இருக்கு," என்று யாரோ சுவரோரம் சொன்னார்கள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. பத்தடி இருக்கும்போது சத்தம் தேய்ந்தது. ஐந்தடியில் புகை வந்தது. கடைசியாக ஒரு கர்ர். முன் மூக்கு கோட்டைத் தாண்டியது.

"நாலு ஐம்பத்தொண்ணு," என்றார் சம்சூரி. அன்றைக்கு அவருடைய பத்து வார்த்தை எப்போதோ தீர்ந்திருந்தது.

போட்டி அதிகாரி துவான் கைருடின் விதிப் புத்தகத்தோடு வந்தார். ஜெரமி, கழுத்தில் மாலையோடு, அவர் பின்னாலேயே வந்தான்.

"துவான், ஸ்டார்ட்டர்ல ஓட்டுறதெல்லாம் ஓட்டமா? இது அழுகுணி ஆட்டம்."

அக்கா இன்னும் காருக்குள்தான் இருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தார். முக்காடு நனைந்து முகத்தோடு ஒட்டியிருந்தது. "புத்தகத்துல என்ன போட்டிருக்கு? படிங்க."

துவான் படித்தார். "கார் தன் சொந்த சக்தியில் கோட்டைத் தாண்ட வேண்டும்."

"பேட்டரி யாரோடது?"

"உங்களோடது."

"கார்லதான இருக்கு?"

"கார்லதான் இருக்கு."

"அப்பறம் என்னவாம் இவனுக்கு?"

துவான் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு மூடினார். "முடித்தவர் பட்டியலில் உண்டு. இரண்டு சுற்று பின்தங்கல்," என்றார். "ஆனா அடுத்த வருஷம் இந்த விதியை மாத்திருவேன், சொல்லிட்டேன்."

"மாத்துங்க. அடுத்த வருஷம் நான் இருப்பேன்ல, அப்ப பாத்துக்கலாம்." பிறகு ஜெரமியைப் பார்த்தார். "உனக்குத் தினமும் நாசி லெமாக் கிடைக்காது. என்ன பண்றது, பட்டினி கிட."

காரைச் சோதனைக் கொட்டகைக்குத் தள்ளிப் போகச் சொன்னார்கள். இனி யார் தள்ளினாலும் குற்றமில்லை. பணியாளர்கள் நான்கு பேர் வந்தார்கள். அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

"வேணாம். மணியம் ஒருத்தன் போதும்."

நான் பின்னால் போய் நின்றேன். கொட்டகை முந்நூறு அடி தூரத்தில் இருந்தது, வெயில் இறங்கவே இல்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். ஏதாவது திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

"இருபத்து மூணா?" என்றார்.

"தப்புதான்க்கா."

"தள்ளு."

தோளைக் கொடுத்துத் தள்ளினேன். கார் நகரவில்லை. மூச்சைப் பிடித்து மறுபடி தள்ளினேன், இடுப்பு விட்டுப்போகும்போல இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: செத்துப்போன பேட்டரியில் மிச்சமிருந்த கொஞ்சத்தில், பின்விளக்கு இரண்டும் மங்கலாகச் சிவந்து எரிந்துகொண்டிருந்தன. பிரேக்கில் கால் வைத்திருந்தார்.

"தள்ளு மணியம், தள்ளு," என்றார் உள்ளிருந்து. "நான் கால எடுக்க மாட்டேன்."

நான் தள்ளினேன்.